பந்து வீச்சுப் பயிற்றாசிரியர்

ஆசிரியர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் உருவம் கையிற் புத்தகமும் பின்னே கரும்பலகையும் உடைய ஒருவரே. மைதானத்தில் வெயிலில் நின்று, ஒரு மாணவன் கையையுங் காலையும் நாள்தோறும் உற்றுநோக்கி, அவற்றின் அசைவைச் சிறிது சிறிதாகத் திருத்தும் ஒருவரையும் அப்பெயரால் அழைத்தல் தகும் என்பதை நாம் எளிதில் ஒப்புவதில்லை. பள்ளியில் அவரை டிரில் மாஸ்டர் என்றோம். பரீட்சை நெருங்கியவுடன் அவருடைய வகுப்பையே முதலிற் பறித்துக் கணக்காசிரியரிடம் கொடுத்தோம். அத்தகையோருள்ளும் ஒரு நுண்ணிய பிரிவினர் உளர். பந்தை எறிவோர்க்கு மட்டுமே ஆசிரியராய் அமைந்து, அவ்வொரு செயலைக் கற்பித்தலிலேயே வாழ்நாளைச் செலவிடுவோர் அவர். அன்னார் தொழிலின் இயல்பு யாது, அதற்கு எவ்வாறு வருகின்றனர், அவர்தம் அறிவால் யாருக்கு என்ன பயன் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இத்தொழில் தனித்தொழிலாக உருப்பெற்றது அமெரிக்க நாட்டிலேயாகும். ஆண்டுப் பேஸ்பால் ஆட்டம் கல்லூரிகளிற் பெருஞ் சிறப்புடையது. அவ்வாட்டத்திற் பிட்சர் எனப்படுவான், சிறிது உயர்ந்த மண்மேட்டின்மேல் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிப் பந்தை எறிகின்றான். பந்து நிலத்திற் படாமலே மட்டையாளனைச் சேரும். நம் கிரிக்கெட்டிலோ இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கஜம். பந்து பெரும்பாலும் தரையில் மோதி எழுந்து செல்லும். பேஸ்பால் பந்தின் எடை ஏறத்தாழ 142 முதல் 149 கிராம் வரை. கிரிக்கெட்டுப் பந்து அதனினுஞ் சிறிது கனமானது, 156 முதல் 163 கிராம் வரை. இவை சிறு வேறுபாடுகள். பெரிய வேறுபாடு முழங்கையில் உள்ளது. பேஸ்பாலில் முழங்கையை மடக்கிச் சாட்டையைப்போல் வீசி எறியலாம். கிரிக்கெட்டிலோ கை நீண்டு சுழலவேண்டும். பந்து கையைவிட்டு நீங்குமுன் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது 2005 முதல் சர்வதேச ஆட்டங்களில் நிலவும் விதி.

இவ்வேறுபாட்டால் இருவகையாரும் வெவ்வேறிடத்தில் நோய்ப்படுகின்றனர். பேஸ்பால் எறிவோனுக்கு முழங்கையின் உட்புறத் தசைநார் கிழியும். கிரிக்கெட்டு வேகப்பந்து வீச்சாளனுக்கோ கீழ்முதுகின் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். ஓடிவந்து முன்காலை ஊன்றும் அக்கணத்தில் உடலெடையினும் பன்மடங்கான விசை நிலத்திலிருந்து கால்வழியே ஏறுகின்றது. அதே கணத்தில் முதுகு வளைந்து முறுக்குண்டு நிற்கின்றது. ஒருமுறை நேர்ந்தால் தீங்கில்லை. ஒரு நாளில் நூறுமுறை, ஒரு மாதத்தில் ஈராயிரமுறை நேருமாயின் இளைஞனுடைய எலும்பு எங்ஙனம் தாங்கும்? ஆகவே இப்பயிற்றாசிரியர் பந்தின் வேகத்தைக் கூட்டுதற்கு மட்டும் ஏற்பட்டவர் அல்லர். மாணவனுடைய உடலுக்குக் காவலராயும் இருத்தல் வேண்டும்.

அமெரிக்கப் பயிற்றாசிரியர்களுள் டாம் ஹவுஸ் என்பார் நம் நாட்டோடு தொடர்புடையவராதலின் அவரைச் சிறிது காண்போம். அவர் 1971 முதல் 1978 வரை தொழில்முறை ஆட்டத்திற் பிட்சராக இருந்தார். தலைசிறந்தோருள் ஒருவராக எண்ணப்பட்டவர் அல்லர். 1974 ஏப்ரல் 8ஆம் நாள் ஹாங்க் ஆரன் தம் 715ஆவது ஹோம் ரன்னை அடித்துப் பழைய சாதனையை முறியடித்தபோது, எல்லைக்கு அப்பாற் சென்ற அப்பந்தைப் பிடித்தவர் ஹவுஸ். தாம் எறிந்த பந்தாலன்றிப் பிறர் அடித்த பந்தைப் பிடித்தமையாற் பெயர்பெற்ற பிட்சர் அவர் என்று கூறலாம். எனினும் 1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிற் பயிற்றாசிரியராக அமர்ந்தபின் அவர் புகழ் வேறாயிற்று. உளநூலில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்கக் காற்பந்தை எறியச்செய்து கையின் பழக்கத்தைத் திருத்தினார், கண்டோர் நகைத்தனர். அவ்வணியில் இருந்த நோலன் ரையன் 1991இல் தமது 44ஆம் வயதில், எதிரணிக்கு ஓர் அடியும் விட்டுக்கொடாத தம் ஏழாவது ஆட்டத்தை நிறைவேற்றியபோது நகைப்பு அடங்கிற்று.

அவ் ஹவுஸ் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த 2008ஆம் ஆண்டில், நம் நாட்டு இளைஞர் இருவர் அவரிடம் மாணாக்கராய்ச் சென்றனர். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இவ்விருவரும் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரினர். ஈட்டி எறிதலிற் பழகியவர். பேஸ்பாலைக் கண்ணாலுங் கண்டறியாதவர். இந்தியாவில் நடத்தப்பெற்ற ஒரு பந்தெறியும் போட்டியில் ஆயிரக்கணக்கானோரிடையே தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஓராண்டுக்குள் அவர்களைத் தொழில்முறை ஆட்டத்திற்குத் தகுதியாக்கல் வேண்டும் என்பது ஆசிரியர்க்கு இடப்பட்ட பணி. அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்னும் கழகம் இருவரையும் ஒப்பந்தஞ் செய்துகொண்டது. தினேஷ் 2010இல் ஊர் திரும்பினார். ரிங்கு சில ஆண்டுகள் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிப் பின்னர்க் காயங்களால் ஆட்டத்தைவிட்டு மல்யுத்தக் காட்சிகளிற் புகுந்தார். 2014இல் இதனைத் திரைப்படமாகவும் எடுத்தனர். படத்தில் வியாபாரியே கதாநாயகன். ஆசிரியருக்குச் சிறு வேடமே கிடைத்தது. அது வழக்கந்தானே!

இனி நம் நாட்டிற்கு வருவோம். விளையாட்டைக் கற்பிப்பதற்கு ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரி ஒன்று வேண்டுமென்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியது கிறிஸ்தவ ஊழியத்தின் வாயிலாகவே என்பதை நம் போன்ற மிஷன் கல்லூரியார் மறத்தலாகாது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். பின்னாளில் நந்தனம் எனப்பட்ட பகுதியில் அது நிலைபெற்றது. அங்குப் பயின்றோர் தென்னாடெங்குமுள்ள பள்ளி கல்லூரிகளிற் பரவினர். கூடைப்பந்தும் கைப்பந்தும் நம் சிற்றூர்வரை வந்தது அன்னாராலேயாம். ஆனால் அவர் எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாசிரியர். ஒரு செயலுக்கு மட்டும் ஓராசிரியர் என்னும் முறை நம்மிடையே தோன்றுதற்கு மேலும் அறுபத்தேழு ஆண்டுகள் சென்றன.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவின் பந்துவீச்சுப் பெருமை நெடுங்காலம் சுழற்பந்தைச் சார்ந்திருந்தது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வேங்கடராகவன் என்னும் நால்வர் ஆடிய காலத்தில், புதுப்பந்தின் பளபளப்பு மறையும்வரை யாரேனும் சில ஓவர் வீசினாற் போதும் என்றிருந்தனர். மட்டையாளராகிய கவாஸ்கரே சில சமயம் அத்தொண்டினைச் செய்ததுண்டு. 1978இல் கபில்தேவ் தோன்றினார். ஒருவர் தாமே தோன்றினார் எனின் மகிழ்ச்சியே. அடுத்தவரும் தாமே தோன்றுவார் என்று கைகட்டி இருத்தல் எவ்வாறு பொருந்தும்?

அக்குறையை நீக்க முன்வந்தது ஒரு டயர் வியாபார நிறுவனம். 1946இல் திருவொற்றியூரில் சிறுவர் ஊதும் பலூன் செய்யும் தொழிற்சாலையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனத்தார், ரவி மாம்மன் என்பாருடைய ஊக்கத்தால் 1987இல் வேகப்பந்து வீச்சாளர்க்கெனப் பேஸ் பவுண்டேஷன் என்னும் பயிற்சி நிலையத்தைச் சென்னையில் ஏற்படுத்தினர். அதற்கு இடந்தந்தது சேத்துப்பட்டிலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மேனிலைப்பள்ளி மைதானம். ஆஸ்திரேலிய நாட்டு டென்னிஸ் லில்லி அதன் இயக்குநரானார். அருகிருந்து நாள்தோறும் பயிற்றும் பொறுப்பு தமிழ்நாட்டு வீரர் டி.ஏ.சேகரிடம் வந்தது.

லில்லியை ஏன் தேர்ந்தனர்? அவர் பெரும் வீரர் என்பதனால் மட்டுமன்று. 70 டெஸ்டு ஆட்டங்களில் 355 விக்கெட்டு வீழ்த்தி, 1984 ஜனவரியில் ஓய்வுபெறும்போது உலக சாதனையாளராய் விளங்கினார் என்பது உண்மையே. ஆயினும் ஆசிரியத் தொழிலுக்கு அவரைத் தகுதியாக்கியது அவர் வெற்றியன்று; அவர் முதுகெலும்பு முறிந்த வரலாறே என்பது என் கருத்து. 1973இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றிருந்தபோது அவருடைய கீழ்முதுகில் வெடிப்புகள் கண்டறியப்பட்டன. வயது இருபத்துமூன்று. இனி அவர் வீசுதல் அரிது என்று பலர் எண்ணினர். மார்பு முதல் இடுப்புவரை மாக்கட்டு இட்டுக் கிடந்தார். பின்னர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிராங்க் பைக் என்னும் உடற்கூற்றுப் பயிற்சி அறிஞர் துணையால், உடலை அங்கம் அங்கமாக வலுவாக்கித் தாம் வீசும் முறையையும் மாற்றியமைத்துக்கொண்டார். 1974–75இல் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் இறங்கி 25 விக்கெட்டுகளைக் கைக்கொண்டார்.

இயல்பாகவே நன்றாக வீசுவோன் தான் எவ்வாறு வீசுகின்றான் என்பதை அறியான். நடப்பவன் தன் நடையை எண்ணாததுபோலும் இது. ஒருமுறை முறிந்து, மீண்டும் முதற்படியிலிருந்து கற்றவனே இன்ன கால் இன்னவாறு ஊன்றினால் இன்னது விளையும் என்று பிறர்க்குச் சொல்ல வல்லன்.

சேகருடைய வரலாறு வேறொரு வகையது. அவர் தம் காலத்து இந்தியரிடையே நல்ல வேகமுடையவர் எனப் பெயரெடுத்தவர். 1982–83இல் பாகிஸ்தானிற் சுற்றுப்பயணஞ் செய்த அணிக்கு அழைக்கப்பெற்றார். இரண்டு டெஸ்டு ஆட்டங்களே அவர்க்குக் கிட்டின. அவற்றில் ஒரு விக்கெட்டும் விழவில்லை. ஒருநாள் ஆட்டங்கள் நான்கு. அவ்வளவே. புள்ளிவிவரங்களைப் புரட்டுவோர் அப்பெயரைத் தாண்டிச் செல்வர். ஆனால் அவர் கைபட்டுச் சீர்பெற்ற வீச்சாளரின் விக்கெட்டுகளைக் கூட்டினால் பல நூறாகும். டாம் ஹவுஸும் சேகரும் ஒருவரையொருவர் ஒப்பதை நோக்குக. இரு நாட்டிலும் இத்தொழிலில் நிலைத்தவர் பலர், ஆட்டத்தில் நடுத்தர நிலையிலே நின்றவராகவே இருக்கின்றனர். திறமை தாமாகவே வாய்க்காமையால் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து கற்கவேண்டிய நிர்ப்பந்தம் அவர்க்கு இருந்தது போலும்.

லில்லி ஆண்டிற் சிலமுறை வந்து சில நாள் தங்கிச் செல்வார். எஞ்சிய நாட்களில் காலையும் மாலையும் மாணவரை நோக்கியிருந்தவர் சேகரே. அவ்வாசிரியர் நோக்குவது யாது? முதலில் ஓட்டம். ஓடிவருதலில் அடி தவறினால் பின்னைய யாவும் தவறும். அடுத்து, பின்கால் ஊன்றுகையில் இடுப்பும் தோளும் எத்திசையை நோக்குகின்றன என்பது. இரண்டும் பக்கவாட்டில் நோக்கலாம். அல்லது இரண்டும் மட்டையாளனை நேரே நோக்கலாம். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறொரு திசையுமாக நிற்பின், வீசுங்கால் முதுகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குண்ணும். இக்கலப்பு முறையே முதுகுவெடிப்பிற்குப் பெருங்காரணம் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அதன்பின் முன்கை, தலையின் நிலை, மணிக்கட்டு, வீசியபின் உடல் செல்லும் வழி ஆகியவை. பார்ப்போர் கண்ணுக்கு இவையெல்லாம் இமைப்பொழுதில் நிகழ்ந்து முடிகின்றன. ஆதலின் வீச்சினைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டும் முறையை அந்நிலையம் கைக்கொண்டது. தன் உருவைத் தானே கண்டபின்னரே மாணவன் ஆசிரியர் சொல்லை நம்புகின்றான்.

இத்திருத்தத்தில் ஒரு துன்பமும் உண்டு. பழைய முறையை விட்டுப் புதிய முறை உடலிற் படியுமட்டும் மாணவன் முன்னினும் மோசமாக வீசுவான். வேகங் குறையும், பந்து குறிதவறும். அணியிலிருந்து நீக்கப்படுவேனோ என்ற அச்சம் அவனைப் பற்றும். அவ்விடைக்காலத்தில் அவன் உள்ளந் தளராமற் காத்தலே ஆசிரியத் திறத்தின் உச்சி என்னலாம். எவரைத் திருத்துவது என்பதினும் எவரைத் திருத்தாது விடுவது என்பது இன்னும் கடினம். கெடுதி பயவாத தனிவழக்கம் ஒருவனுக்கு இருப்பின் அதனை அப்படியே விட்டுவிடுதல் நன்று. புத்தகத்தின்படி யாவரையும் ஒரே அச்சில் வார்க்கும் ஆசிரியரால் கெட்டவர் தொகை சிறிதன்று.

அந்நிலையத்தினின்று முதன்முதல் இந்திய அணியிற் புகுந்தவர் விவேக் ராஸ்தான். 1989 டிசம்பரில் சியால்கோட்டில் 79 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டு எடுத்தார். ஜவகல் ஸ்ரீநாத்தும் வேங்கடேஷ் பிரசாத்தும் அங்குப் பயின்றவரே. ஜாகீர்கான் என்னும் இடக்கை வீச்சாளர் மகாராஷ்டிரத்தினின்று சென்னைக்கு வந்து பயின்று, 2000இல் டெஸ்டு ஆட்டத்திற் புகுந்து, 92 ஆட்டங்களில் 311 விக்கெட்டுகளை வீழ்த்தினார். குஜராத்தின் இக்கார் என்னுஞ் சிற்றூரில் ஓடு செய்யுந் தொழிற்சாலையில் இளமையிற் கூலிவேலை செய்த முனாப் பட்டேலை விக்கெட்டுக் காவலர் கிரண் மோரே இனங்கண்டு சென்னைக்கு அனுப்பினார். 2006இல் மொகாலியில் தம் முதல் டெஸ்டிலேயே ஏழு விக்கெட்டு எடுத்தார் அவர். 2011இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஜாகீர், முனாப் இருவரும் இருந்தனர். அயல்நாட்டு வீரரும் அங்கு வந்து கற்றுச் சென்றுள்ளனர்.

திருப்பி அனுப்பப்பட்டவரும் உண்டு. 1987இல் வேகப்பந்து வீச்சாளராக விரும்பிப் பம்பாயினின்று வந்த ஒரு சிறுவனைக் கண்டு, மட்டையாட்டத்தில் மனஞ் செலுத்துக என்று லில்லி அறிவுரை கூறினார். அச்சிறுவன் சச்சின் டெண்டுல்கர். ஆசிரியர் ஒருவர் மறுத்தமையால் உலகிற்கு இத்துணைப் பயன் விளைந்தது வேறெங்கும் உண்டோ அறியேன்!

லில்லி இருபத்தைந்து ஆண்டுகள் தொண்டாற்றி 2012இல் விலக, 563 டெஸ்டு விக்கெட்டுகளுக்குரிய கிளென் மெக்ராத் அவ்விடத்திற்கு வந்தார். சேகர் பின்னாளில் டெல்லி அணியின் பொறுப்பை ஏற்றுச் சென்றபோது பயிற்சியைத் தொடர்ந்து நடத்தியவர் எம்.செந்தில்நாதன். 1988இல் நடந்த இளைஞர் உலகக் கோப்பையில் இந்திய அணித் தலைவராயிருந்த இவர் ஒரு மட்டையாளர். பந்து வீச்சுப் பள்ளிக்கு மட்டையாளர் தலைமை ஆசிரியராவதோ என்று ஐயுறுவார்க்கு விடை எளிது: பந்து தன்னை நோக்கி வருவதைப் பல்லாயிரமுறை கண்டவன், அது புறப்படும் இடத்தையும் நன்கு கண்டிருப்பான் அன்றோ?

இவ்வளவும் சென்னை நகரத்துச் செய்தி. நமக்கென்ன என்று கருதுதல் வேண்டா. நம் கே.ஜி.கண்டிகையிலும் திருத்தணியைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் அறுவடை முடிந்த கழனிகளில் மாலைதோறும் நிகழ்வது யாது? தினைப்புனங் காத்த வள்ளி கவண்கல் எறிந்து கிளியோட்டிய கதை வழங்கும் மலையடிவாரம் இது. எறியுங்கை நம் பிள்ளைகட்குப் புதிதன்று. டென்னிஸ் பந்தில் தொடங்கி, சற்று வளர்ந்ததும் கார்க் பந்துக்கு மாறுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டங்கள் நடக்கும். தமிழிலும் தெலுங்கிலும் ஆரவாரம் எழும். அணியில் வேகமாக வீசுவான் ஒருவனே இருப்பான். பதினைந்து வயதினனாகவும் இருப்பான். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவனே வீசவேண்டும். மறுநாள் முதுகு வலிக்கின்றதென்றால் தைலந் தேய்த்துவிடுவர். அடுத்த ஞாயிறு மீண்டும் வீசுவான். பதினெட்டு வயதில் அவன் ஆடுவதில்லை. அவனுக்கு ஊக்கமில்லை என்று ஊரார் கூறுவர். முறிந்தது ஊக்கமன்று.

பிற நாட்டார் இதற்கு எண் வகுத்துள்ளனர். இங்கிலாந்துக் கிரிக்கெட்டு வாரியத்தார் வேகமாக வீசும் சிறுவர்க்கென வகுத்த நெறியில், 13 வயதுக்குட்பட்டவன் தொடர்ச்சியாக 5 ஓவருக்கும் ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வீசலாகாதென்றும், 15 வயதுக்குட்பட்டவனுக்கு இவை 6, 12 என்றும் வரையறுத்தனர். அமெரிக்கப் பேஸ்பாலார் 2014இல் வெளியிட்ட நெறி இன்னும் நுட்பமானது. 9, 10 வயதினனுக்கு ஒரு நாளில் 75 எறிதல், 13, 14 வயதினனுக்கு 95 என்று எல்லை குறித்து, இத்தனை எறிந்தால் இத்தனை நாள் ஓய்வு என்றும் அட்டவணை கொடுத்துள்ளனர். இவற்றைப் பின்பற்றுதற்குப் பணம் வேண்டா, யந்திரம் வேண்டா. ஸ்கோர் எழுதும் நோட்டுப் புத்தகமும், எண்ணத்தெரிந்த ஒருவரும் இருந்தாற் போதும். அணித் தலைவன் கேட்கும்போது இன்றைக்கு இவன் வீசியது போதும் என்று சொல்லும் துணிவும் அவ்வொருவர்க்கு வேண்டும்.

நம் மாணவருள் இத்தொழிலை விரும்புவோர் உளராயின், நந்தனத்து உடற்பயிற்சிக் கல்லூரியிற் பட்டம் பெறலாம். 1961இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிலையத்திற் பயிற்றாசிரியர்க்கான டிப்ளமோப் படிப்பும் உண்டு. கிரிக்கெட்டுக்கெனவே படிப்படியான தேர்வுகளைக் கிரிக்கெட்டு வாரியத்தார் நடத்துகின்றனர். உயிர்நூலும் பௌதிகமும் கற்றவனுக்கு இத்துறையில் இடம் மிகுதி. நெம்புகோலின் இயல்பை வகுப்பிற் படித்தவன் அதனைத் தோளிலும் முழங்கையிலுங் காணலாம். பெரிய வீரனாயிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்பதை மேலே கண்டோம். ஊதியம் தொடக்கத்திற் சொற்பமே. பள்ளியில் வேலை கிடைத்தால், பரீட்சை மாதத்தில் கணக்காசிரியர் வந்து அவர் வகுப்பையும் கேட்பார்.